முந்திரி என்றால் எந்தப் பழம்?

பனச்சமூட்டுச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, வெகு சாதாரணமான ஒரு சொல்லை ஒருநாள் சொன்னேன். 'முந்திரி' என்பது அந்தச் சொல். அதைக் கேட்டதும் மனத்தில் எது தோன்றுகிறதோ அதைப் படமாக வரையுங்கள் என்றேன். கால் மணி நேரம் பென்சில்கள் ஓடின. பிறகு வரிசை வரிசையாகச் சென்று பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் கொடியிலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் திராட்சையை வரைந்திருந்தார்கள். மற்றவர்கள் பிறை போல வளைந்த பருப்பை வரைந்திருந்தார்கள். இரு சாராரும் சரியாகவே வரைந்திருந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. தமிழில் முந்திரி என்றால் பாயசத்தில் மிதக்கும் பருப்பு. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகள், ஒரே வார்த்தையைக் கேட்டு, இரண்டு வேறு பழத்தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதை, அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எதையும் வரையாமல் உட்கார்ந்திருந்தாள். பாடநூலில் இருந்த படத்தை அவளிடம் காட்டினேன். ஒரு கிண்ணத்திலே வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த பருப்பு அது. அவள் முகத்தில் யாதொரு சலனமும் இல்லை. கரும்பலகைக்குத் திரும்பி, மணி போன்ற பழத்தையும், அதன் அடியிலே தலைகீழாகத் தொங்கும் கொட்டையையும் சாக்பீஸால் வரைந்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து குரல் வந்தது. "சாரே, அது அண்டியில்லியா? எங்க அம்மை அண்டியாபீசிலதான வேலைக்குப் போறா!" அதன் பிறகு அவளைப் பேச்சிலிருந்து நிறுத்துவதுதான் கஷ்டமாயிற்று. அண்டியாபீசில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோட்டை உடைப்பதையும், தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களின் தோல் கருத்து உரிவதையும், அதற்காக அம்மை சாம்பலைத் தொட்டுத் தொட்டுக்கொண்டு வேலை செய்வதையும், பாட்டி அதைக் கொல்லாங்கொட்டை என்றே சொல்வதையும் அவள் சொல்லச் சொல்ல வகுப்பு முழுவதும் வாய் திறந்து கேட்டது. அந்த மாதம் முழுவதும் அவள் பேசியதைவிட அன்று அரை மணி நேரத்தில் பேசியது அதிகம்.

வகுப்பறையில் படத்தைப் போதனா சாதனமாக உபயோகிப்பதைப் பற்றிப் பலர் பல காரணங்களைச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு உற்சாகம் உண்டாகும் என்பார்கள். பாடம் சுலபமாக மனத்தில் தங்கும் என்பார்கள். அவை பொய்யல்ல. ஆனால் எல்லைக் கிராமத்தில் உபாத்தியாயனாகப் பல ஆண்டுகள் கழித்த எனக்கு, இவற்றைவிட ஆதாரமான காரணம் ஒன்று உண்டு. எந்த வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல் பொதுவாக இல்லையோ, அந்த வகுப்பில் பொதுவாக இருக்கக்கூடியது படம் ஒன்றுதான்.

பனச்சமூடு, வெள்ளறடை, காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றங்கரை என்று அந்தப் பக்கமும், களியக்காவிளை, மஞ்சாலுமூடு, அருமனை என்று இந்தப் பக்கமும் விரிந்து கிடக்கும் இந்தப் பிரதேசம், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரே சரீரமாக இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தோடு நின்றது. கோடு நிலத்தின் மேல் விழுந்ததேயன்றி, நாவின் மேல் விழவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும், சந்தைக்குப் போவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இன்றைக்கும் கோட்டைத் தாண்டித்தான். பனச்சமூடு என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடு என்பது மரத்தின் அடி. பனச்சி என்பது தமிழில் பனிச்சை என்று வழங்கும் மரம், அதன் காயின் பசையைப் படகின் இடுக்கை அடைக்கவும் வலைக்குப் பதமேற்றவும் பயன்படுத்தினார்கள். ஊரின் பெயர் மலையாளமா, தமிழா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அது ஒரு சித்திரம்: ஒரு மரமும் அதன் நிழலும்.

இப்படிப்பட்ட ஊரில் பாடநூல் தமிழ், குழந்தைக்குப் பாதி உறவும் பாதி அந்நியமுமாக வந்து சேருகிறது. முற்றிலும் தெரியாத மொழியைக் காட்டிலும், தெரிந்தது போலத் தோன்றும் மொழி அதிக மயக்கம் தருவது. புல்லின் நுனியில் பனி என்று செய்யுளில் வந்தால், வீட்டில் மலையாளம் பேசும் குழந்தைக்குப் புல்லுக்குக் காய்ச்சல் கண்டது போலிருக்கும். ஏனெனில் அவன் வீட்டில் பனி என்றால் ஜுரம். ஊருக்குள் வெள்ளம் புகுந்தது என்று படித்தால், அவனுக்குக் குடிதண்ணீர் வந்த சந்தோஷம். வெள்ளம் அவன் வீட்டில் தண்ணீர். பையன் தவறாகப் புரிந்துகொண்டான் என்பது உபாத்தியாயருக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. பரீட்சைத் தாளில்தான் தெரியவரும். அப்போது அதற்கு மந்தபுத்தி என்று பெயர் வைத்துவிடுவார்கள். இந்த அநியாயம் எத்தனை குழந்தைகளுக்கு நேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை. புல்நுனியில் ஒரு துளியை வரைந்து காட்ட அரை நிமிஷம் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உபாயமல்ல. 1658-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், மொராவிய தேசத்தவரான ஜான் ஆமாஸ் கொமேனியஸ் என்னும் கல்விப் பெரியார், 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்' என்ற நூலை வெளியிட்டார். புலன்களால் அறியும் உலகத்தின் சித்திரம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். யுத்தத்தினாலும் மதக் கலகத்தினாலும் சொந்த ஊரை இழந்து, மொழி மாறி மொழி மாறி வெவ்வேறு நாடுகளில் வாழ நேர்ந்தவர் அவர். அவருடைய புத்தகத்தில் ஏறத்தாழ 150 படங்கள். ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருள்களுக்குச் சிறு சிறு எண்கள். படத்தின் கீழே இரண்டு பத்திகள். ஒரு பத்தியில் லத்தீன், மறு பத்தியில் ஜெர்மன். இரண்டு மொழிச் சொற்களும் அந்த எண்ணைக் கொண்டு படத்தைத் தொட்டு நிற்கும். எழுத்துகளைக் கற்பிக்கும் பக்கத்தில், காக்கையும் ஆட்டுக்குட்டியும் பிறவும் தத்தம் குரலால் எழுத்தின் ஒலியைச் சொல்லித் தரும். அடுத்த ஆண்டே இங்கிலீஷிலும் அது வந்துவிட்டது. குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகம் என்று அதைப் புகழ்பவர்கள் பலர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதோ, அது இரு மொழி வகுப்பறைக்காகச் செய்த புத்தகம் என்பதுதான். இரண்டு மொழிகளுக்கு நடுவில் பாலமாகப் படத்தை வைத்தார் அவர். நம்முடைய பாடநூல்களில் படம் இருக்கிறது; பாலம் இல்லை.

நம்மவர்க்கும் சித்திரத்தின் சக்தி தெரியாததல்ல. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி அச்சடித்து அனுப்பிய சரஸ்வதியும் லக்ஷ்மியும் வீடுகளின் சுவரில் ஏறிய பின், எழுத்தறியாத பாட்டிகள் அந்தப் படத்துக்கு நேரே பேரப்பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் புராணம் சொன்னார்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் வெளிவந்த 10 தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, தமிழில் படத்தையும் சொல்லையும் எவ்வளவு சிரத்தையோடு இணைக்க முடியும் என்பது தெரியும். ஆயினும் பெரிய நூல்கள் நூலக அலமாரியில் இருந்தன. வகுப்பில் இருந்தது பிரம்பும் வாய்பாடும்.

எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஒரு பாறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிதறால் மலையின் மேல், பெரும் பாறை ஒன்றின் முகத்தில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முக்குடையின் கீழ் தியானத்தில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர்கள், பாம்பின் படம் குடையாக விரிய நிற்கும் பார்சுவநாதர், சிங்கமும் இரு குழந்தைகளும் உடனிருக்க நிற்கும் அம்பிகை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே வட்டெழுத்தில் உள்ளது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பகவதியார்க்குப் பொன்னணி அளித்த செய்தி அதில் இருக்கிறது. குரத்தி என்றால் குருவின் பெண்பால், ஆசிரியை. 1,100 ஆண்டுகளுக்கு முன் இந்த மலைமேல் ஒரு பெண் ஆசிரியை இருந்தார் என்பதை, இங்கே படிக்கும் எத்தனை பெண் குழந்தைகள் அறிவார்கள்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். மலையேறும்போது சரித்திரம் எதையும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். சிற்பத்தின் முன் உட்கார வைத்து, பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்றேன். பத்து நிமிஷம் என்பது குழந்தைகளுக்கு ஒரு யுகம். முதல் இரண்டு நிமிஷம் நெளிந்தார்கள். பிறகு மெள்ள மெள்ள ஒரு நிசப்தம் இறங்கியது. அதன்பின் கேட்டது ஒரே கேள்விதான்: என்ன பார்த்தாய், எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்? சிங்கத்தை ஒருவன் நாய் என்றான். இன்னொருத்தி பிடரி மயிரைச் சுட்டிக் காட்டி மறுத்தாள். பெரிய உருவம் யார், சிறிய உருவங்கள் யார் என்று விவாதம் நடந்தது. அம்பிகையின் பக்கத்துக் குழந்தைகள் அவளுடைய பிள்ளைகளா, மாணவர்களா என்று ஒரு பெண் கேட்டாள். தீர்த்தங்கரர்களின் தலைக்கு மேலே குடை எதற்கு மூன்று என்று ஒருவன் கேட்டான். அந்த மூன்றாவது குடைக்குப் பின்னால்தான் நான் சமணத்தைச் சொல்லத் தொடங்கினேன். கேள்வி அவர்களுடையதாக இருந்ததால் பதிலும் அவர்களுடையதாயிற்று. திரும்பி வந்து நோட்டில் வரைந்தபோது, வட்டெழுத்தின் வளைவுகளைக்கூட ஒரு சிறுவன் ஞாபகத்திலிருந்தே போட்டிருந்தான்; எழுத்து அவனுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு அது பழக்கமாகிவிட்டது.

படத்தைக் காட்டுவது வேறு, படத்தைப் பார்க்கக் கற்பிப்பது வேறு. ரோஜர் ஷெப்பர்டு என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், 600-க்கும் மேற்பட்ட படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது, பார்த்தவர்கள் 100-க்கு 95-க்கும் மேல் சரியாக அடையாளம் கண்டார்கள் என்று 1967-இல் எழுதினார். அபாரமான ஞாபகம்தான். ஆனால் அடையாளம் காண்பது அறிவதாகாது. முன்பு பார்த்த முகம் என்று தெரிவதற்கும், அந்த மனிதனைத் தெரிந்திருப்பதற்கும் எவ்வளவு தூரம்! இன்றைய வகுப்பறைகளில் திரைக்குப் பஞ்சமில்லை. கேரளத்தில் 2018-இல் தொடங்கிய உயர் தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்குப் புரொஜெக்டரும் மடிக்கணினியும் வந்தன. தமிழ்நாட்டிலும் ஸ்மார்ட் வகுப்பறைகள் பெருகுகின்றன. இவற்றை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் ஓடும் வீடியோவில் ஒரு படம் கண்முன் நிற்கும் நேரம் சில விநாடிகளே. குழந்தை கையை உயர்த்துவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அந்த மகத்தான கருவியில் ஒரு நிச்சலனமான படத்தை நிறுத்தி வைத்து, பத்து நிமிஷம் பேசாமல் நிற்கத் துணியும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தொகை சொற்பம்.

படம் பொய்யும் சொல்லும் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில், 1741-இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் முன் சரணடையும் காட்சியைக் காட்டும் ஓவியம் இருக்கிறது. அது பிற்காலத்தவர் வரைந்தது. இதை வரைந்தவர் அங்கே இருந்தாரா, இல்லையென்றால் மகாராஜா எப்படி நின்றார் என்பது அவருக்கு எப்படித் தெரியும், தோற்றவர்கள் இதே காட்சியை வரைந்திருந்தால் எப்படி வரைந்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தை சரித்திர ஆசிரியனாவதை நேரில் காணலாம்.

பாடநூல்களைப் பற்றி எனக்குள்ள குறையை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகள் என் கைக்கு வந்த புத்தகங்களில், வீடு என்றால் புகைபோக்கி வைத்த சரிவுக் கூரை; பழம் என்றால் ஆப்பிள்; கிழங்கு என்றால் உருளைக்கிழங்கு. மரவள்ளிக் கிழங்கு என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது, படம் இல்லை. எல்லைக்கு இரு பக்கமும் அதை மரச்சீனி என்கிறோம். காலையில் மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டு வந்த குழந்தை, மரவள்ளி என்ற பயிர் எந்தத் தேசத்தில் விளைகிறது என்று என்னைக் கேட்டது. தலைநகரத்தில் உட்கார்ந்து வரையும் ஓவியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இந்த மண்ணைப் பார்த்ததில்லை. பார்க்கும்படி யாரும் அவரை அனுப்பவுமில்லை.

மண்ணைப் பார்த்தவன் வரைந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகனிடம் கற்றேன். ரப்பர் மரத்தைப் பற்றிய பாடம். கரும்பலகையில் அடிமரத்தை வரைந்து, பட்டையில் கத்தியால் கீறும் சாய்கோட்டை வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் தாழும்படி போட்டு, அதன் நுனியில் சிரட்டையையும் வரைந்தேன். அந்தப் பையன் எழுந்து வந்தான். அனுமதி கேட்காமலே டஸ்டரை எடுத்து என் கோட்டை அழித்தான். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி வேறு கோடு போட்டான். "இப்படி வெட்டினாத்தான் பாலு கூடுதலா வரும், சாரே. அப்பா சொல்லியிருக்கு." பிறகு நான் புத்தகங்களைத் தேடிப் படித்தபோது, ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக ஓடாமல், மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்றும், ஆகவே இடமிருந்து வலமாகத் தாழும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும் என்றும், அந்த வெட்டின் சாய்வு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி என்றும் அறிந்தேன். விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குப் போகும் அவன் தகப்பனார் கோணமானியைத் தொட்டிருக்க மாட்டார். மறுநாள் கணித வகுப்பில் அந்தக் கோட்டின் மேல் கோணமானியை வைத்து அளந்தோம். கோணம் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் உயிர் வந்தது. சிரட்டையைத் தமிழ்ப் பாடநூல் கொட்டாங்கச்சி என்று சொல்லும் என்பதையும் அதே படத்தின் அருகில் எழுதினோம்.

ஆகவே இரண்டு அரசாங்கங்களுக்கும் என் விண்ணப்பம் உண்டு. முதலாவது, சித்திர ஆசிரியரைப் பற்றியது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில், வாரத்துக்கு 3 அரைநாள் என்ற கணக்கில் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். பின்னர் ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அரைநாள் உத்தியோகம் என்ற மனோபாவம் மாறவில்லை. கண்ணைப் பயிற்றுவிப்பவரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே திரைகளை மாட்டிப் பிரயோஜனம் என்ன? அவர் முழு நாளும் பள்ளியில் இருக்க வேண்டும்; தமிழ் வகுப்பிலும் கணித வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் மற்ற ஆசிரியரோடு கூட நிற்க வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பம் எல்லைப் பள்ளிகளுக்கே உரியது. கேரளத்தின் மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடநூல்கள் தயாரிக்கிறது. தமிழ்நாட்டிலும் அத்தகைய நிறுவனம் இருக்கிறது. விளவங்கோட்டில் மலையாள வழிப் பள்ளிகளும் உண்டு. இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து, இந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு படத்தொகுதியைச் செய்ய வேண்டும். இரு ராஜ்யங்கள் கூடி ஒரு காரியம் செய்வது நடவாத விஷயம் என்று சொல்பவர்கள், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை இத்தனை காலமாகப் பராமரித்து வருவதைப் போய்ப் பார்க்கட்டும். கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் ஆணை பிறப்பித்தபோது இந்த இரு கரைகளும் ஒன்றாகவே அதைக் கேட்டன.

அந்தத் தொகுதியில் கொல்லாம்பழமும் அண்டியும் இருக்கட்டும். மரச்சீனி மூடும், வெட்டுப் போட்ட ரப்பர் மரமும், சிரட்டையும், ஒட்டுப்பாலும், நெய்யாற்றுக் கால்வாயும், சிதறால் அம்பிகையும், மழைக்கால முற்றமும், புல்லின் மேல் ஒரு பனித்துளியும், பனச்சி மரமும் இருக்கட்டும். வரைபவர் இங்கே வந்து ஒரு மாதமாவது தங்கி, பார்த்து வரையட்டும். எட்டத்திலிருந்து பார்த்தாலும் கடைசி வரிசைக் குழந்தைக்குத் தெரியும்படி தாள் பெரிதாக இருக்கட்டும். படத்தின் அடியில் அச்செழுத்து எதுவும் வேண்டாம். மூன்று வெற்றுக் கோடுகள் போதும்: ஒன்று பாடநூல் தமிழுக்கு, ஒன்று மலையாளத்துக்கு, ஒன்று பாட்டி சொல்லும் பேருக்கு. அவற்றைக் குழந்தைகளே எழுதிக்கொள்வார்கள்.